35 வாங்கினால் போதும் என்று யார் முடிவு செய்தது? பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை அமைச்சர், துறைச் செயலாளர், பள்ளிக் கல்வி இயக்குநர், அரசுத் தேர்வுகள் இயக்குநர், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர்.

ஐயா, அம்மா,

என்னை எழுத வைத்தது ஒரு கையேடு. என் அக்கா மகன் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 10ஆம் வகுப்பு படிக்கிறான். அரையாண்டுத் தேர்வு வருவதற்கு முன்பே கணிதத்துக்கென்று ஒரு ஜெராக்ஸ் கட்டை அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கானது என்று மேலே போட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் 8 இயல்களில் எதை எதைப் படித்தால் தேர்ச்சி பெறலாம் என்று பொறுக்கி எடுத்துத் தொகுத்திருக்கிறார்கள். "மத்ததை நீ தொடவே வேண்டாம்னு சார் சொல்லிட்டாருங்க மாமா" என்றான். அவனுக்கு அதில் நிம்மதிதான். எனக்கு இல்லை, ஏனென்றால் அந்த "மத்தது" தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கு வேலை பழக்குவதுதான் என் பிழைப்பு.

நான் கோவையில் சிஎன்சி எனப்படும், கணினியால் இயங்கும் எந்திரங்கள் ஓடுகிற ஒரு பட்டறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பம்பு உதிரிபாகம், வால்வு பாகம், வண்டிகளுக்குப் போகும் ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் என்று ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிற இடம். +2 முடித்தவர்கள், ஐடிஐ முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள் எல்லாரும் வருவார்கள். பெரும்பாலும் அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படித்த பிள்ளைகள். சோம்பேறிகள் கிடையாது, கைவேலையில் கெட்டிக்காரர்கள், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் டிராயிங்கைக் கையில் கொடுத்து இரண்டு கேள்வி கேட்டால் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், நிற்கிற இடம் பொறியியல் கணக்கு எதுவும் இல்லை, 6ஆம் வகுப்பிலும் 7ஆம் வகுப்பிலும் நடத்தி முடித்ததாகக் கணக்குக் காட்டப்பட்ட பின்னமும் தசமமும்தான்.

ஒவ்வொரு மே மாதமும் 10ஆம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறீர்கள். 2023இல் 91.39 சதவீதம், 2024இல் 91.55, 2025இல் 93.80. இந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை எதைக் காட்டுகின்றன என்பதில்தான் எனக்கு வழக்கு.

கணித வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினா 14, அதில் பெரும்பகுதி புத்தகத்தின் பயிற்சிகளில் ஏற்கெனவே இருப்பது. கடைசிப் பகுதியில் 8 மதிப்பெண் வினா இரண்டு, ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம், ஆக 16. இரண்டையும் சேர்த்தால் 30 ஆகிவிட்டது. முதல் இயலில் வரும் கார்ட்டீசியன் பெருக்கல் சரிபார்க்கும் கணக்கு ஒன்றை மனப்பாடமாகப் போட்டால் 5. மொத்தம் 35. தேர்ச்சிக்கு வேண்டியதும் 35. ஒரு மதிப்பெண்ணில் நாலைந்து தவறிப் போனாலும் இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஈடுகட்டிவிடலாம். அக்கா மகன் கையில் இருக்கும் கையேடு இந்தக் கணக்கின்படிதான் அச்சுப் பிசகாமல் தொகுக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர்களுக்கெல்லாம் இது தெரியும், டியூஷன் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியாதது பெற்றோருக்கு மட்டும்தான். கணிதத்தில் பாஸ் என்றால் கணக்கு வரும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிப் பாஸானவர்களுக்கு என்ன வரும், என்ன வராது என்பதை நான் பார்த்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். போன வருடம் ஒரு பையன் சேர்ந்தான், தர்மபுரிப் பக்கம், கணிதத்தில் நல்ல மதிப்பெண்ணே வைத்திருந்தான். வடிவொத்த முக்கோணம் வரையத் தெரியுமா என்று கேட்டேன். ஒரு தாளில் ஸ்கேலும் காம்பஸும் வைத்து, அளவு காரணி 7/3 எடுத்து, கதிர் போட்டு, ஏழு சம பாகம் குறித்து, மூன்றாம் புள்ளியிலிருந்து கோடு இழுத்து, ஏழாம் புள்ளியிலிருந்து அதற்கு இணைகோடு வரைந்து, பிசிறில்லாமல் முடித்துக் கொடுத்தான். தேர்வில் 8க்கு 8 கிடைக்கும் படம். சரி, இந்த 7/3 என்பது எவ்வளவு, 2ஐ விடப் பெரிசா சின்னதா என்று கேட்டேன். யோசித்தான். பக்கத்தில் இருந்த ஸ்டீல் ஸ்கேலைக் கொடுத்து, 7/3 செ.மீ. எங்கே வரும், விரலை வை என்றேன். முதலில் 7இல் வைத்தான், அப்புறம் 3இல் வைத்தான், அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "தெரிலீங்கண்ணா" என்றான். அவன் வரைந்த பெரிய முக்கோணத்தின் பக்கம் சின்ன முக்கோணத்தின் பக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூட என்பது அவன் கண் முன்னாலேயே இருந்தது, ஆனால் அந்தப் படத்துக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று யாரும் அவனுக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் அதற்கு மதிப்பெண் கிடையாது.

பட்டறையில் இது எங்கே வந்து இடிக்கும் என்று கேட்பீர்கள். ஷாஃப்ட் ஒன்றின் விட்டம் 25 மி.மீ. என்று டிராயிங்கில் இருக்கும், பக்கத்திலேயே சின்ன எழுத்தில் மைனஸ் 0.02, மைனஸ் 0.05 என்று டாலரன்ஸ் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் 24.95க்கும் 24.98க்கும் நடுவில் இருந்தால் பாஸ், வெளியே போனால் ரிஜெக்ட். 25இலிருந்து 0.02 போனால் எவ்வளவு என்று புதிதாக வருகிறவர்களிடம் எழுதிக் காட்டச் சொல்வேன். 24.8 என்று எழுதுகிறவர்கள் உண்டு, 24.08 என்று எழுதுகிறவர்களும் உண்டு. 24.9 பெரிசா 24.895 பெரிசா என்று கேட்டால் இரண்டாவதுதான் பெரிசு, அதில்தான் மூன்று இலக்கம் இருக்கிறதே என்பார்கள். மைக்ரோமீட்டர் பிடிக்க ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். அது காட்டுகிற 24.96 உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று முடிவெடுக்க 0.01 என்பது மனதில் ஓர் அளவாகப் பதிந்திருக்க வேண்டும், அதைப் பட்டறையில் ஒரு வாரத்தில் புகுத்த முடியாது. ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, டூலின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட்டில் 0.03 கொடுக்க வேண்டிய இடத்தில் 0.3 கொடுத்தால் அடுத்த பீஸ் காலி, சில நேரம் டூலும் காலி.

அடுத்தது சுழல் வேகம். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர், கம்பியின் விட்டம் 25 மி.மீ., எந்திரத்தை எத்தனை ஆர்பிஎம்மில் ஓட்ட வேண்டும்? வட்டத்தின் சுற்றளவு பை பெருக்கல் விட்டம் என்பது எல்லாருக்கும் வாய்ப்பாடாகத் தெரியும். கம்பி ஒரு சுற்று சுற்றினால் 78.5 மி.மீ. வெட்டுகிறது, ஒரு நிமிடத்தில் 100 மீட்டர் வெட்ட எத்தனை சுற்று என்று வகுத்தால் ஏறத்தாழ 1,270 வந்துவிடும். இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. மீட்டரை மில்லிமீட்டராக்கி ஒரு வகுத்தல் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் சார்ட்டைத் தேடுகிறார்கள், சார்ட்டில் 25 இல்லாமல் 20ம் 30ம் இருந்தால் யாரையாவது கூப்பிடுகிறார்கள். ஃபிளாஞ்சில் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஆறு ஓட்டை போட வேண்டும், ஒரு ஓட்டை 60 டிகிரியில் இருக்கிறது, நடுப்புள்ளியிலிருந்து அதன் எக்ஸ், ஒய் எவ்வளவு? ஆரமான 50 பெருக்கல் காஸ் 60, அது 25. 50 பெருக்கல் சைன் 60, அது 43.3. சைன் 60 எவ்வளவு என்று கேட்டால் ரூட் 3 பை 2 என்று பளிச்சென்று சொல்கிற பிள்ளை, அது கிட்டத்தட்ட 0.87, அதாவது ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு என்று அறியாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் பிள்ளைமேல் வருவதில்லை.

இது எங்கள் தொழிலோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. திருப்பூரில் கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறவருக்கு, துவைத்தபின் 70 செ.மீ. நீளம் நிற்க வேண்டும், துணி 8 சதவீதம் சுருங்கும் என்றால், 70இல் 8 சதவீதத்தைக் கூட்டி 75.6 என்று வெட்டினால் சுருங்கியபின் 69.55 தான் வரும், 70ஐ 0.92ஆல் வகுத்து 76.1 வெட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும். எந்தச் சதவீதம் எதன்மேல் என்கிற ஒரே விஷயம்தான் இது. தவறினால் ஒரு லாட் துணியே அளவு குறைந்து போகும். டைல்ஸ் போடுகிறவர் சதுர அடிக் கணக்கிலும், நர்ஸ் மருந்தின் அளவிலும், ஃபைனான்ஸ் கடையில் நகை வைக்கிற அம்மா வட்டியிலும் இதையேதான் சந்திக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 25 திறனறிவுக் கணக்கு. சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.சி.ம., வேலையும் நேரமும், எல்லாமே உங்கள் 6 முதல் 10 வரை புத்தகங்களில் இருப்பவை. பட்டம் வாங்கிய பிறகு அதே பாடத்தைக் காசு கொடுத்துக் கோச்சிங் சென்டரில் மறுபடி படிக்கிறார்கள்.

புத்தகங்கள்மேல் எனக்குக் குறை இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். 2018இலிருந்து வந்த புதிய பாடநூல்கள் நன்றாகவே இருக்கின்றன, 8ஆம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்று தனி இயல் வைத்து லாபம், நட்டம், தள்ளுபடி, கூட்டுவட்டி எல்லாம் கொடுத்திருக்கிறார்கள், தகவல் செயலாக்கம் என்று சின்ன வகுப்புகளிலேயே ஒரு பகுதி வருகிறது. எழுதியவர்கள் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் 4ஆம் வகுப்பில் பின்னம் பிடிபடாத பிள்ளை 5க்குப் போகிறது, 6இல் தசமம் பிடிபடவில்லை, 7க்குப் போகிறது, 8 வரை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, 9இல் வந்து மெய்யெண்கள், கணமொழி என்று புத்தகம் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் கையை விட்டது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. கணிதம் அஸ்திவாரம் போடாமல் மாடி கட்ட முடியாத பாடம். வரலாற்றில் ஓர் இயலை விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கலாம், இதில் முடியாது. பின்னம் இல்லாமல் விகிதம் இல்லை, விகிதம் இல்லாமல் சதவீதமோ முக்கோணவியலோ இல்லை.

பிள்ளைகளை ஃபெயில் ஆக்குங்கள் என்று நான் கேட்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 5லும் 8லும் நிறுத்தி வைக்கலாம் என்று ஒன்றிய அரசு விதியை மாற்றியபோது, தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது சரியான முடிவு. நிறுத்தி வைத்தால் அடுத்த வருடம் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வராது, என் தெருவிலேயே அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள், அதில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் எல்லாரையும் மேலே அனுப்புவது என்று முடிவு செய்கிற அரசுக்கு இன்னொரு கடமையும் சேர்ந்தே வருகிறது: மேலே போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் விட்டுப்போனதை அந்தந்த வருடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை ஜெராக்ஸ் கட்டின் கையில் விட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கினீர்கள், எங்கள் தெருத் திண்ணையிலேயே ஒரு தன்னார்வலர் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்தது, அடுத்த ஆண்டு 4, 5க்கும் நீட்டினீர்கள். 2025-26இல் 6 முதல் 9 வரை, அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் திறன் என்கிற திட்டம் வந்தது. மூன்றும் தேவையானவை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது 4ஆம் வகுப்பில் இருந்த பிள்ளை, மறுபடி 2021 நவம்பரில் பள்ளிக்கூடம் போனபோது 6ஆம் வகுப்பு. பின்னமும் தசமமும் வேரூன்ற வேண்டிய வயது முழுக்க வீட்டில் போனது. எண்ணும் எழுத்தும் வந்தபோது அந்தப் பிள்ளை 7ஆம் வகுப்பு, அதை 5 வரை நீட்டியபோது 8ஆம் வகுப்பு, திறன் 9 வரை வந்தபோது 10ஆம் வகுப்பு. ஒவ்வொரு திட்டமும் அந்த வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்த இல்லம் தேடிக் கல்வியைத் தவிர அவர்களுக்குக் கிடைத்தது இந்தக் கையேடுதான். என் அக்கா மகன் அந்த வயதுக்காரன். அவனோடு படிக்கிற பிள்ளைகள்தான் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் என்னிடம் வேலை கேட்டு வரப்போகிறார்கள்.

நாடு முழுக்கவே நிலைமை இப்படித்தான், தமிழ்நாட்டை மட்டும் ஏன் கேட்கிறாய் என்று சொல்லலாம். ஆமாம், நாடு முழுக்க இப்படித்தான். பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கையின்படி இந்தியக் கிராமங்களில் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 30.7 சதவீதம் பேர்தான் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிறார்கள், 8ஆம் வகுப்பில்கூட 45.8 சதவீதம்தான். ஆனால் தமிழ்நாடு தன்னை நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டுத் திருப்தி அடைகிற மாநிலமாக எப்போதும் இருந்ததில்லை. மதிய உணவிலும் மருத்துவத்திலும் மற்றவர்கள் நம்மைப் பார்த்துத்தான் செய்தார்கள். பல நாட்டுப் பிள்ளைகளின் கற்றலை ஒப்பிடும் பீசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டபோது, கணிதத்தில் நம் 15 வயதுப் பிள்ளைகள் எடுத்த சராசரி 351, ஷாங்காய் எடுத்தது 600. பட்டியலில் நமக்குக் கீழே இருந்தவர்கள் இரண்டே பேர், இமாச்சலமும் கிர்கிஸ்தானும். அதற்குப் பிறகு இந்தியா அந்தத் தேர்வில் கலந்துகொள்ளவே இல்லை. அன்று அந்தத் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு இப்போது 30 வயது தாண்டிவிட்டது, அவர்களுடைய பிள்ளைகள் உங்கள் பள்ளிகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்த கணித ஆசிரியை ஒருவர், பெயரும் ஊரும் வேண்டாம், ஜூன் மாதமே 9ஆம் வகுப்புக்கு ஒரு சின்னத் தேர்வு வைத்து யாருக்குக் கழித்தல் வரவில்லை, யாருக்கு வகுத்தல் வரவில்லை என்று நோட்டில் எழுதி வைத்துவிடுவார். ஆனால் அதை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் போனால் போர்ஷன் முடியாது. பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு ஒரு பக்கம், தேர்தல் வேலை ஒரு பக்கம், பயிற்சி என்று மாதம் ஒருமுறை வெளியூர். ரிசல்ட் வந்தபிறகு நடக்கும் மீளாய்வுக் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி, உங்கள் பாடத்தில் எத்தனை சதவீதம் தேர்ச்சி. 20 பிள்ளைகளுக்குப் பின்னம் புரிய வைத்தேன் என்று அவர் பதில் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ள அங்கே பத்தியே இல்லை. அப்புறம் அவரும் ஜனவரியில் ஜெராக்ஸ் கட்டைத்தான் எடுக்கிறார். வேறு வழியில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இந்தப் பக்கம் அரசு, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாய் செலவில் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது. ரோபோ, சிஎன்சி, 3டி பிரிண்டர் எல்லாம் வந்திருக்கிறது, உண்மையிலேயே நல்ல எந்திரங்கள். நான் முதல்வன் திட்டத்தில் செயற்கை நுண்ணறிவு, டேட்டா அனலிடிக்ஸ் என்று வகுப்புகள் நடக்கின்றன. இவ்வளவு பணத்தைக் கொட்டி வாசலைக் கட்டிவிட்டு, அந்த வாசலுக்கு வருகிற பிள்ளைக்கு 0.3க்கும் 0.03க்கும் வித்தியாசம் தெரியாமல் அனுப்பினால் அந்த எந்திரத்தை அவன் என்ன செய்வான்? பட்டனை அழுத்துவான், பீஸை மாட்டுவான், கழற்றுவான். அந்த வேலையைத்தான் ரோபோ முதலில் எடுத்துக்கொள்ளும், எங்கள் பட்டறையிலேயே எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. நிலைத்து நிற்கிற வேலை, எந்திரத்தை ஜாப்புக்கு அமைத்துக் கொடுக்கிற செட்டருக்கும் புரோகிராமருக்கும் இன்ஸ்பெக்டருக்கும்தான். அதில் உட்கார வேண்டுமென்றால் டிராயிங்கைப் படித்து, கணக்குப் போட்டு, வந்த விடை நியாயமாக இருக்கிறதா என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆப்பரேட்டராகவே வருடக்கணக்கில் நிற்கிறவனுக்கும் செட்டராகிப் போகிறவனுக்கும் சம்பளத்தில் இருக்கும் தூரத்தை நான் தினமும் பார்க்கிறேன். பல பேர் விஷயத்தில் அந்தத் தூரத்துக்குக் காரணம் உழைப்போ புத்தியோ இல்லை, 7ஆம் வகுப்பில் விட்டுப்போன ஒரு பாடம்.

அதனால் உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன்.

6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை, ஒவ்வொரு நாளும் ஒரு பாடவேளையை நான்கு அடிப்படைச் செயல்கள், பின்னம், தசமம், விகிதம், சதவீதம், அளவீடு ஆகியவற்றுக்கென்று ஒதுக்குங்கள். அந்த வேளையில் பிள்ளைகளை வகுப்புவாரியாக உட்காரவைக்காமல் நிலைவாரியாக உட்காரவையுங்கள், வகுத்தல் வராத 9ஆம் வகுப்புப் பிள்ளையும் 7ஆம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து கற்கட்டும். இதற்காக அந்த ஆசிரியரின் போர்ஷனைக் குறையுங்கள், அவர் தலையில் கூடுதலாக ஏற்றாதீர்கள். திறன் திட்டத்தை நிரந்தரமாக்கி 10ஆம் வகுப்புக்கும் நீட்டுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் வைக்கும் மதிப்பீட்டின் முடிவையும் இறுதியில் வைப்பதன் முடிவையும் பிள்ளைகள் பெயர் இல்லாமல், பள்ளிகள் பெயரும் இல்லாமல், ஒன்றியவாரியாக வெளியிடுங்கள். மே மாதத் தேர்ச்சி விகிதத்தோடு அந்த எண்ணையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

10ஆம் வகுப்பு வினாத்தாள் அமைப்பை மாற்றுங்கள். தேர்ச்சி மதிப்பெண் 35 ஆகவே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் 20 மதிப்பெண்ணுக்காவது புத்தகத்தில் அப்படியே இல்லாத, படித்ததை வைத்து யோசித்துப் போடுகிற கணக்குகள் வர வேண்டும்: ஒரு அளவை மதிப்பிடுவது, ஒரு பில்லைச் சரிபார்ப்பது, ஒரு படத்திலிருந்து நீளம் கண்டுபிடிப்பது மாதிரி எளிதான கணக்குகளாகவே இருக்கட்டும். வடிவியலுக்கு 8 மதிப்பெண் கொடுத்தால் அதில் 2 மதிப்பெண்ணாவது வரைந்தது என்ன என்று புரிந்ததா என்பதற்குப் போகட்டும். இதை இந்த ஆண்டே திடீரென்று செய்துவிடாதீர்கள். இப்போது 8ஆம் வகுப்பில் இருப்பவர்கள் எழுதும்போது இப்படித்தான் இருக்கும் என்று இன்றே அறிவித்து, மாதிரி வினாக்களை வெளியிட்டு, ஆசிரியர்களுக்கு இரண்டு வருடம் கொடுங்கள்.

11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறீர்கள். 2017-18இல் வந்த அந்தத் தேர்வு போனதால் கிடைத்திருக்கும் இடத்தை வீணாக்காதீர்கள். கணிதம் இல்லாமல் உயிரியல், தாவரவியல் படிக்கிறவர்கள், வணிகவியல் எடுத்தும் வணிகக் கணிதம் கிடைக்காதவர்கள், வரலாறு எடுத்தவர்கள் எல்லாம் 15 வயதோடு கணக்கை மூடி வைத்துவிடுகிறார்கள். கணிதம் இல்லாத எல்லாப் பிரிவுகளுக்கும் வாரத்துக்கு இரண்டு பாடவேளை பயன்பாட்டுக் கணிதம் வையுங்கள், தேர்வு மதிப்பெண் எதுவும் வேண்டாம். வட்டி, வரி, சதவீதம், அட்டவணை படிப்பது, ஸ்ப்ரெட்ஷீட்டில் கணக்குப் போடுவது, இவ்வளவு போதும்.

ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் ஓர் அளவீட்டுப் பெட்டி கொடுங்கள்: வெர்னியர், மைக்ரோமீட்டர், டேப், கோணமானி, தராசு. இயற்பியல் ஆய்வகத்தில் பூட்டி வைக்கிற ஒரே ஒரு வெர்னியரைச் சொல்லவில்லை, கணித வகுப்பில் நாலு பேருக்கு ஒன்று என்று பிள்ளைகள் கையில் புழங்க வேண்டியதைச் சொல்கிறேன். எங்களைப் போன்ற பட்டறைகளில் ரிஜெக்ட் ஆன பீஸ்கள் கூடை கூடையாகக் கிடக்கின்றன, அளந்து பழக அதைவிடப் பொருத்தமானது கிடையாது. கேட்டால் கொடுப்போம், வந்து சொல்லியும் கொடுப்போம். கோவையில் மட்டும் இல்லை, ஓசூரிலும் அம்பத்தூரிலும் திருப்பூரிலும் இதற்கு முன்வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அனுமதி கொடுத்து மாவட்ட அளவில் ஒரு ஏற்பாடு செய்யுங்கள்.

கணித ஆசிரியர் காலியிடங்களை ஜூன் மாதத்துக்குள் நிரப்புங்கள், கல்வியாண்டின் நடுவில் அவர்களை வேறு பணிக்கு எடுக்காதீர்கள். மீளாய்வுக் கூட்டங்களில் தேர்ச்சி விகிதத்தோடு, எத்தனை பிள்ளைகள் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறினார்கள் என்ற கேள்வியும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று மாவட்டங்களுக்கு எழுத்தில் அனுப்புங்கள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான கையேடு என்று எதைக் கொடுத்தாலும், அதன் முதல் பாதி பின்னமும் தசமமுமாக இருக்கட்டும். விட்டுவிடலாம் என்று எந்த இயலுக்கும் எதிரே எழுதாதீர்கள்.

அடுத்த கல்வியாண்டுக்குப் பள்ளி திறப்பதற்கு முன் இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று ஒரு சுற்றறிக்கையாகவோ அறிக்கையாகவோ பொதுவில் வெளியிடுங்கள். முடியாது என்பதற்குக் காரணம் பணம் என்றால் எவ்வளவு பணம் என்று சொல்லுங்கள், ஆள் என்றால் எத்தனை ஆள் என்று சொல்லுங்கள். இந்த ஆண்டு 10ஆம் வகுப்பு எழுதுகிறவர்கள் +1 சேர்ந்ததும், ஐடிஐ சேர்ந்ததும், முதல் மூன்று மாதம் அவர்களுக்கு அடிப்படைக் கணக்கை மறுபடி சொல்லிக்கொடுக்கும் இணைப்பு வகுப்பு நடத்துவதற்கான ஆணையை மட்டும் அந்த அறிக்கைக்காகக் காத்திருக்காமல் இப்போதே போடுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து, எந்திரப் பட்டறையில் பயிற்சி கொடுக்கும் ஒருவன்